கட்சிக்காரிக்கு வராத காய்ச்சல்

பத்துக் குறிப்புகள் எழுதிக் கொடுத்தேன். பத்தும் அச்சில் வந்தன. ஆனால் நான் எழுதியது அதில் ஒன்பதுதான்.

இங்கே வக்கீல்கள் சிலர் சேர்ந்து ஆண்டுமலர் போடுகிறார்கள். புதிதாகத் தனி ஆபீஸ் திறக்கும் இளையவர்களுக்காக, ஒற்றை ஆளாகத் தொழில் நடத்துவது எப்படி என்று நடைமுறைக்கு உதவும் பத்துக் குறிப்புகள் வேண்டுமென்று மலர்க் குழுவிலிருந்து ஒரு பெண் வந்து கேட்டாள். வஞ்சியூர் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில், போட்டோஸ்டாட் கடைக்கு மேலே, ஒரே அறையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறவள் நான். எலி வளையானாலும் தனி வளை என்று பெருமைப்பட்டுக்கொள்வேன். கேட்டதும் குளிர்ந்துபோய் இரண்டு நாள் உட்கார்ந்து மலையாளத்தில் எழுதிக் கொடுத்தேன்.

மலர் வந்ததும் புரட்டிப் பார்த்தேன். என் எட்டாவது குறிப்பைக் காணோம். அந்த இடத்தில் "சக வக்கீல்களோடு நல்லுறவு பேணுக" என்று இருந்தது. நான் எழுதாத வரி, என் பெயருக்குக் கீழே! அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சீனியர்மார் எல்லாம் வாசிக்கிற மலர் அல்லே மேடம். அது கொஞ்சம் பர்சனலா போச்சுன்னு கமிட்டியில சொல்லி. வேற ஒண்ணும் இல்ல கேட்டோ."

பர்சனலாம். நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "எதிர்த்தரப்பு வக்கீல் வாயால் கொடுத்த வாய்தாவை நம்பி உன் கட்சிக்காரரை வரவேண்டாம் என்று சொல்லாதே. சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டால், உன் தவறை மறைக்க அவருக்குக் காய்ச்சல் என்று எழுதாதே." இதில் யார் பெயரும் இல்லை. ஆனாலும் தொப்பி யார் தலைக்குப் பொருந்தும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. என் தலைக்கும் பொருந்தும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். மலையாளத்தில் எனக்கு வாதாட வரும், சண்டை போடத் தமிழ்தான் வரும்.

விழிஞ்ஞத்துக்குப் போகிற சாலையில் உள்ளே தள்ளி ஆறு சென்ட் நிலத்தில் ஒரு வீடு. அந்த வீட்டுக்காரிதான் என் கட்சிக்காரி. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் கொத்தனாராக இருந்தவர். இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்தில் மூன்று நாள், திங்கள் புதன் வெள்ளி, மெடிக்கல் காலேஜில் டயாலிசிஸ். கட்டட வேலைக்கு வந்த வங்காளிப் பையன்கள் தங்கியிருக்கும் ஒரு கேம்ப்பில் அவள் சமையல் செய்கிறாள். சாலையிலிருந்து அந்த வீட்டுக்குப் பக்கத்துக்காரர் நிலத்தின் ஓரமாக ஆறடி வழி. நாற்பது வருடமாக அதில்தான் அவர்கள் நடந்தார்கள், பிணமும் பிள்ளையும் அதில்தான் போய்வந்தன. ஆட்டோ அந்த வழியாக வாசல்வரை வரும். புருஷனைக் கைத்தாங்கலாக நாலு அடி நடத்தி ஏற்றிவிடலாம்.

துறைமுகம் வந்தது. சென்ட் விலை எங்கேயோ ஏறியது. பக்கத்துக்காரர் துறைமுக வேலைக்காரர்களுக்கு வாடகைக்கு விட அறை அறையாகக் கட்ட ஆரம்பித்தார். ஆறடி வழி திடீரென்று அவர் கண்ணை உறுத்தியது. ஒரு நாள் அங்கே ஹாலோபிரிக்ஸ் அடுக்கிவைத்தார். அன்றைக்குத்தான் இவள் ஒரு துணிப்பையில் பழைய நிலப் பத்திரமும் வீட்டு வரி ரசீதும் போட்டுக்கொண்டு என் மாடிப்படி ஏறினாள். நான் வழக்குப் போட்டேன், தடையாணை வாங்கினேன். பக்கத்துக்காரர் கல்லை அகற்றினார். ஆட்டோ மறுபடி வாசலுக்கு வந்தது. அதுவரைக்கும் நான் நல்ல வக்கீல்தான்.

இவள் ஒரு வாய்தாகூடத் தவறவிட்டதில்லை. வழக்கு வெறுமனே தள்ளிப்போகிற நாளுக்கும் இரண்டு பஸ் மாறி வந்து, கோர்ட் ஹாலில் கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவாள். வாய்தா டயாலிசிஸ் நாளில் விழுந்தால் புருஷனை அனுப்பத் தங்கையைக் கூப்பிட்டுக்கொள்வாள். "சும்மா எதுக்கு வாறீங்க" என்று நான் கேட்டால், "பேரு விளிக்கும்போ ஆள் இல்லன்னா மோசம்லா" என்பாள். சட்டப்புத்தகம் படிக்காமலே அவளுக்கு அது தெரிந்திருந்தது. படித்த எனக்கு அது அன்றைக்கு மறந்துபோனது.

எதிர்த்தரப்பு வக்கீல் நாற்பது வருட அனுபவசாலி. வலியசாலை அக்ரகாரத்தில் வீடு. அந்தத் தெருவை நான் குறை சொல்லவில்லை. நான் ஜூனியராக இருந்த ஆபீஸின் சீனியரும் அதே தெருக்காரர், ஈ எறும்புக்குக்கூடப் பொய் சொல்லாதவர். இவர் வேறு ரகம். கோர்ட்டில் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் கர்ஜிப்பார். என்னைப் பார்த்தால் மட்டும் வீட்டுத் தமிழில் இறங்கிவிடுவார். நான் பாறசாலைப் பக்கத்து மளிகைக்கடைக்காரர் மகள். இங்கே நான் பேசுகிற தமிழைக் கேட்டு மலையாளிகள் பாண்டி என்றார்கள், தமிழ்நாட்டுக்குப் போனால் மலையாளி என்றார்கள். அப்படிப்பட்டவளைப் பார்த்து அவ்வளவு பெரிய வக்கீல், வராந்தாவில் நாலு பேர் கேட்க, "நம்ம தமிழ்ப் பொண்ணு, சூட்டிகை" என்று சொன்னால் மனசு என்ன செய்யும்? குளிரும். அந்தக் குளிர்ச்சிக்கு நான் கொடுத்த விலைதான் இந்தக் கதை. கொடுத்தது நான்கூட இல்லை, அவள்.

வழக்கு சாட்சி விசாரணைக்கு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் இரண்டாம் சனி, கோர்ட் விடுமுறை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தகராறு நடத்துகிற எவனும் காலண்டரில் முதலில் பார்ப்பது இரண்டாம் சனியைத்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் ஃபோன் செய்தார்.

"என்னம்மா, சௌக்கியமா? நாளைக்கு அந்த வழி கேஸ் லிஸ்ட்ல இருக்கோல்லியோ. நேக்கு சௌகரியப்படாது. ஆத்துல ஒரு காரியம். மாத்தி வெச்சுக்கலாமா?"

"சரி சார்."

"நீ எதுக்கு மெனக்கெட்டு வரணும்? நான் ஜூனியர விட்டு சொல்லச் சொல்லிடறேன். ரெண்டு பேரும் ஒத்துண்டுட்டோம்னா ஜட்ஜ் ஒண்ணும் சொல்லமாட்டார். உன் கட்சிக்காரியையும் அலைய விடாதே, பாவம்."

பாவம் என்றார். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

எனக்கும் அது வசதியாக இருந்தது. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதே வெள்ளிக்கிழமை ஆற்றிங்கலில் எனக்கு இன்னொரு விசாரணை. ஒற்றை ஆள் ஆபீஸில் ஒரே நாளில் இரண்டு ஊரில் கேஸ் விழுந்தால் பிழைப்பு நாறும். யாரையாவது கெஞ்சி நமக்காக எழுந்து நிற்கச் சொல்ல வேண்டும். இப்படி ஒரு ஃபோன் வந்தால் கும்பிடத் தோன்றும். எங்கள் தொழிலில் இது பழைய வழக்கம். எதிரெதிர் வக்கீல்கள் வாயால் பேசி வாய்தா முடிவு செய்வார்கள், எழுத்தில் எதுவும் இருக்காது. எழுதிக் கேட்டால் "என்னை நம்பலையா" என்று முகம் சுருங்கும். அந்த முகச்சுருக்கத்துக்குப் பயந்தே பாதிப் பேர் எழுதுவதில்லை.

என் குமாஸ்தா, மூன்று வக்கீல்களுக்குப் பொதுவாக வேலை பார்க்கும் மனிதர், டைரியை மூடும்போது கேட்டார்.

"ஒரு பெட்டிஷன் எழுதிக் கொடுத்திட்டுப் போனா என்ன வக்கீலே? பத்து மினிட்டு வேல. வாய்வாக்கு கோர்ட்டுல நிக்காது, கேட்டோ."

"சாரே சொல்லியாச்சு. போதும்" என்றேன்.

அப்புறம் கட்சிக்காரிக்கு ஃபோன் செய்தேன். "நாளைக்கு வரண்டாம். கேஸு மாத்தி வெக்குகாவ." அவள் இரண்டு முறை கேட்டாள். "நிச்சயமா வரண்டாமா வக்கீலம்மா? பேரு விளிச்சா?" எனக்கு எரிச்சல் வந்தது. "நான் சொன்னா சொன்னதுதான், பேசாம வீட்டுல இருங்க" என்றேன். "செரி. அப்பம் அவியள நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன், தங்கச்சியைக் கூப்பிடண்டாம்லா" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவளிடமிருந்து ஃபோன்.

"வக்கீலம்மா, கல்லு எறக்கியாச்சு. எட்டுப் பேரு நிக்கானுவ. நான் தடுத்தா, கேஸு போச்சுன்னு சொல்லுகானுவ. கேஸு எங்க போச்சு?"

தடையாணை இருக்கிறது, போலீசுக்குப் போங்கள் என்றேன். போனாள். ஸ்டேஷனில் அவளுக்கு முன்னாலேயே பக்கத்துக்காரர் உட்கார்ந்திருந்தாராம். தன் ஃபோனைத் திறந்து, கோர்ட் செயலியில் வழக்கு நிலவரத்தைப் போலீஸ்காரரிடம் காட்டினாராம். வாதி ஆஜராகாததால் வழக்குத் தள்ளுபடி. தள்ளுபடியான வழக்கில் தடையாணையும் போயே போய்விட்டது. போலீஸ்காரர் இவளிடம், "கேஸ் இல்லாத்த ஸ்தலத்து நான் என்ன செய்யும், அம்மே" என்று கைவிரித்தார். என் ஃபோனில் நானும் திறந்து பார்த்தேன். அதேதான். வழக்கு செத்ததை என் கட்சிக்காரி எதிரியின் ஃபோனில் தெரிந்துகொண்டாள். நான் அவள் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

பிறகு விசாரித்ததில் நடந்தது தெரிந்தது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பெயர் கூப்பிட்டிருக்கிறார்கள். என் பக்கம் யாரும் இல்லை. அவருடைய ஜூனியர் எழுந்து, "பிரதிவாதி தரப்பு ரெடி" என்று சொல்லியிருக்கிறான். மூன்றே வார்த்தை. இரண்டு பக்கமும் ஆள் இல்லை என்றாலும் வழக்கு தள்ளுபடிதான் ஆகும், ஆனால் அவர்கள் ஆள் அனுப்பித் தயாராக நின்றார்கள் என்பதுதான் என் நெஞ்சைச் சுட்டது.

அவருக்கு ஃபோன் செய்தேன். கத்தினேன் என்று சொல்ல ஆசைதான். கத்தவில்லை. "என்ன சார் இப்படி" என்றேன்.

"அடடா! அவன் சொல்லலையா? படிச்சுப் படிச்சு சொன்னேனே. இந்தக் காலத்துப் பசங்கள நம்பி ஒண்ணும் ஒப்படைக்க முடியலை. சரி, நீ ரெஸ்டோர் பண்ணச் சொல்லி மனு போடு. நான் அப்ஜெக்ட் பண்ணமாட்டேன். வாக்குத் தரேன்."

அதையும் நம்பினேன். ஒருமுறை ஏமாந்தால் ஏமாற்றியவன் மேல் பழி, இரண்டாம் முறை ஏமாந்தால் நம்மைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை கோர்ட் திறந்தபோது சுவர் எழும்பி, பூச்சும் காய்ந்திருந்தது. அன்றைக்கு அவள் புருஷன் டயாலிசிஸ் போக வேண்டிய நாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு தோடு ஓடுகிறது, கழிவுநீர் போகிற வாய்க்கால். அதன் கரை ஓரடி அகலம். அவள் சமைத்துப்போடும் கேம்ப்பிலிருந்து இரண்டு வங்காளிப் பையன்கள் வந்து, அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முன்னும் பின்னுமாகத் தூக்கிக்கொண்டு அந்தக் கரை வழியாகச் சாலைக்குக் கொண்டுபோனார்கள். வீடு கட்டிக் கட்டிப் பிழைத்த மனிதர். தன் வாசலில் எழும்பிய சுவரைப் பார்த்து, "லெவல் சரியில்ல, கோணலா கெட்டிருக்கான்" என்று மட்டும் சொன்னாராம்.

இப்போது காய்ச்சலுக்கு வருகிறேன்.

தள்ளுபடியான வழக்கை மீட்க மனு போட வேண்டும். அன்றைக்கு ஏன் வரவில்லை என்று கட்சிக்காரர் சத்தியம் செய்து பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். அதில் என்ன எழுதுவது? யாரைக் கேட்டாலும் ஒரே மருந்துச் சீட்டுதான். காய்ச்சல். வக்கீலுக்கு ஆற்றிங்கலில் வேலை இருந்தால் கட்சிக்காரருக்குக் காய்ச்சல். டைரியில் தேதி தவறினால் கட்சிக்காரருக்குக் காய்ச்சல். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதை நாங்கள் முத்திரைக் காகிதத்தில் டைப் அடித்து வைத்திருக்கிறோம். வஞ்சியூர் ஃபைல்களில் இருக்கிற காய்ச்சலையெல்லாம் சுகாதாரத்துறை எண்ணிப் பார்த்தால் ஊரையே மூடி வைத்துவிடுவார்கள்.

என் கம்ப்யூட்டரிலும் அந்தப் பத்திரம் தயாராக இருந்தது. பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். அவர்தான் எதிர்க்கமாட்டேன் என்று வாக்குத் தந்தாரே, எந்தக் காரணம் எழுதினால் என்ன என்று நினைத்தேன். உண்மையை எழுதினால் அவரோடு பகை, ஜட்ஜ் முன்னால் என் மானம். காய்ச்சலுக்குப் பகை கிடையாது.

அவள் கையெழுத்துப் போட வந்தாள். மலையாளத்தில் பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் அவளுக்குத் தெரியும்.

"இதுல என்ன எழுதியிருக்கு வக்கீலம்மா?"

"அன்னைக்கு உங்களுக்குக் காய்ச்சல், படுத்துக் கிடந்தீங்க, அதனால வர முடியல்லன்னு."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"எனக்குக் காய்ச்சல் இல்லையே. நீங்க வரண்டாம்னு சொன்னிய. நான் வரல்ல. அதத்தான எழுதணும்?"

எவ்வளவு நேரான கேள்வி! அதற்கு நான் கோபப்பட்டேன். அவள்மேல். "கோர்ட்டுக்கு என்ன எழுதணும்னு எனக்குத் தெரியும். வழி வேணுமா வேண்டாமா? வேணும்னா கையெழுத்துப் போடுங்க" என்று அந்தப் பெரிய மனிதரிடம் காட்ட வேண்டிய கோபத்தை முழுக்க அவள் தலையில் கொட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். அவள் பேனாவை மறுபடி எடுத்தாள். குனிந்து, தமிழில் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். சத்தியத்துக்குக் கீழே.

அந்த மனுவை அவர் எதிர்த்தார். ஆமாம், அதே வாக்குத் தந்தவர்தான். "கட்சிக்காரன் கேக்கமாட்டேங்கறான்மா, நான் என்ன பண்ணட்டும்" என்று வராந்தாவில் சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்றைக்கு அவர் வீட்டில் எந்தக் காரியமும் இல்லை போலிருக்கிறது. ஜூனியரை விடாமல் தானே வந்திருந்தார். என் கட்சிக்காரியைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டார்.

"அந்த வெள்ளிக்கிழமை உங்களுக்குக் கடும் காய்ச்சல். எழுந்திருக்கவே முடியவில்லை. அப்படித்தானே?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"அன்றைக்குக் காலை எட்டு மணிக்குக் கணவரோடு ஆட்டோவில் ஏறி மெடிக்கல் காலேஜுக்குப் போனீர்களா, இல்லையா? என் கட்சிக்காரர் தன் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். டயாலிசிஸ் ரெஜிஸ்டரில் உங்கள் கையெழுத்தும் இருக்கும். வரவழைக்கட்டுமா?"

"போனேன்."

"அப்போது காய்ச்சல்?"

அவள் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "காய்ச்சல் இல்ல சார்" என்றாள்.

நீதிபதி நிமிர்ந்தார். பின்னே ஏன் கோர்ட்டுக்கு வரவில்லை என்று கேட்டார். கடுமையாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

இதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே கூனிக் குறுகியிருப்பேன், ஆனால் அவளுக்கு நல்லதாகப் போயிருக்கும். அவள் மறுபடி என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ.

"மறந்து போச்சு" என்றாள்.

எந்த வாய்தாவையும் மறக்காதவள். அவளுக்கு ஒரு பொய்யை நான் எழுதிக் கொடுத்தேன். அது உடைந்ததும் என்னைக் காப்பாற்ற இன்னொரு பொய்யை அவளே சொன்னாள். வக்கீல் மானம் போனால் வழக்கும் போய்விடும் என்று நினைத்தாளாம், பிற்பாடு சொன்னாள்.

அப்போது நான் எழுந்து நின்றிருக்க வேண்டும். "நான்தான் வரவேண்டாம் என்றேன், இவர் ஃபோன் செய்ததால் சொன்னேன்" என்று சொல்ல வேண்டும். ஒரு நிமிடம் போதும். நான் எழுந்திருக்கவில்லை. ஃபைலைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அதில் எனக்கு ஏதோ அவசரமாகத் தேட வேண்டியிருப்பதுபோல. சத்தியம் செய்து பொய் சொன்னவள், அசிரத்தையானவள் என்று அவள் மனு தள்ளுபடியானது. வெளியே வந்ததும் அவர் என் தோளுக்குப் பக்கத்தில் வந்து, "மேல போ, அப்பீல்ல கெடைக்கும்" என்று வாத்சல்யமாகச் சொன்னார். அவர்மேல் இன்றுவரை எனக்கு இருக்கிற கோபத்தைவிட, அந்த ஃபைலைப் புரட்டிய என் கைமேல் இருக்கிற கோபம் அதிகம்.

அன்று ஆபீசுக்கு வந்து அப்பீலுக்கான பிரமாணப் பத்திரத்தை நானே டைப் அடித்தேன், குமாஸ்தாவிடம் கொடுக்கவில்லை. இந்தமுறை சத்தியம் செய்தது நான். இன்னார் இன்ன நேரத்தில் ஃபோன் செய்தார், இப்படிச் சொன்னார், அதை நம்பி நான் கட்சிக்காரியை வரவேண்டாம் என்றேன், காய்ச்சல் என்று எழுதியதும் நான்தான், அவளுக்கு அதில் சம்மதமில்லை. என் ஃபோனில் அந்த அழைப்பின் நேரம் இருந்தது, அதையும் சேர்த்தேன். குமாஸ்தா வாசித்துவிட்டு, "இது வேணுமா வக்கீலே? நாளைக்கும் இந்தக் கோர்ட்டுலதான நாம நிக்கணும்" என்றார். வேணும் என்றேன்.

ஃபோன் செய்ததே இல்லை என்று அவர் சொல்லவில்லை. பண்டிகைக்கு நலம் விசாரிக்கச் செய்தேன் என்றார். எந்தப் பண்டிகை என்று யாரும் கேட்கவில்லை. எட்டு மாதம் இழுத்து, வக்கீல் செய்த பிழைக்குக் கட்சிக்காரரைத் தண்டிக்க முடியாது என்று மேல்கோர்ட் வழக்கை மீட்டுக் கொடுத்தது. எனக்கு ஒரு குட்டும் வைத்தது, வாங்கிக்கொண்டேன். அந்த எட்டு மாதத்தில் என்னோடு டீ குடிக்க வருகிறவர்கள் குறைந்தார்கள். நான் எங்காவது இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டால் எனக்காக எழுந்து நிற்க ஆள் கிடைக்கவில்லை. சக வக்கீல்களோடு நல்லுறவு பேணுக என்று என் பெயரில் அச்சடித்தார்களே, அதில் குத்தல் இருக்கிறதா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மலரில் போடாமல் விட்டதை இப்போதாவது சொல்லிவைக்கிறேன், தனியாக ஆபீஸ் திறக்கிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். போர்டு எப்படி இருக்க வேண்டும், ஃபைலுக்கு எந்த நிறத்தில் உறை போட வேண்டும், எந்த செயலியில் டைரி வைக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே என்னைவிட நன்றாகத் தெரியும். வாய்தா கேட்பவர் உங்களை மகளே என்று கூப்பிட்டாலும் ஒரு வரி எழுதி வாங்குங்கள். அவர் முகம் சுருங்கினால் சுருங்கட்டும், உங்கள் கட்சிக்காரர் வீட்டில் யாரையும் நாற்காலியில் தூக்கிப்போகிற நிலை வராது. எழுதி வாங்க முடியாவிட்டால் கட்சிக்காரரைக் கோர்ட்டுக்கு வரச்சொல்லுங்கள். பஸ் காசு போனால் போகிறது. தவறு செய்தால் அன்றைக்கே ஜட்ஜிடம் சொல்லுங்கள், அவர்களும் வக்கீலாக இருந்து வந்தவர்கள்தான். இதைவிட நடைமுறைக்கு உதவும் குறிப்பு என்னிடம் இல்லை.

வழக்கு நடக்கிறது. சுவர் நிற்கிறது. வழக்கு மீண்டதால் சுவர் தானாக விழாது. அதை இடிக்கத் தனியாக ஒரு மனு, அதைப் பார்வையிட ஒரு கமிஷன், கமிஷன் அறிக்கைக்கு ஒரு ஆட்சேபம், இப்படி. கேம்ப்பில் வங்காளிப் பையன்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், நாற்காலி மட்டும் அதேதான். மழைக்காலத்தில் தோட்டுக்கரை வழுக்கும் என்று அவள் சமையல் அடுப்புச் சாம்பலைக் கொண்டுபோய்த் தூவுகிறாள்.

வேறு வக்கீலிடம் போங்கள், நான் தடையில்லை என்று எழுதித் தருகிறேன் என்று ஒருமுறை அவளிடம் சொன்னேன்.

"என்னத்துக்கு? புது ஆளுன்னா முதல்ல இருந்து எல்லாம் சொல்லணும். நீங்க ஒருக்கா செஞ்சாச்சுல்லா. இனி செய்யமாட்டிய" என்றாள். என்னை மன்னித்துவிட்டாள் என்றுதான் அதை எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் நீதிபதி விடுப்பு. வழக்கு கூப்பிடப்போவதே இல்லை, எல்லாக் கேஸுக்கும் தேதி போட்டு நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். முந்தின நாள் நானே போய்ப் படித்துப் பார்த்து, அதை ஃபோனில் படமும் எடுத்துக்கொண்டு, அவளுக்குக் கூப்பிட்டேன். "நாளைக்கு ஒண்ணும் நடக்காது. ஜட்ஜே இல்ல. நிச்சயமா சொல்லுகேன், வரண்டாம்."

"செரி வக்கீலம்மா" என்றாள்.

மறுநாள் காலை பத்தரைக்கு வேறு வேலையாக அந்தக் கோர்ட் ஹாலைத் தாண்டிப் போனேன். உள்ளே விளக்குகூடப் போடவில்லை. கடைசி பெஞ்சின் ஓரத்தில், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.